வாய்க்கு வசப்படும் புத்தகங்கள்

சின்ன வயதில் நமக்கு உயிராக இருந்த புத்தகம் நம் பிள்ளைக்கு வாசித்துக் காட்டவும் தோதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் இருக்காது. எட்டு வயதில் மூலையில் உட்கார்ந்து கண்ணாலேயே விழுங்கிய புத்தகம் வேறு. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த ஒருத்தர், நாலு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உரக்க வாசிக்க வேண்டிய புத்தகம் வேறு. அதற்கு நாக்கு வேண்டும், மூச்சு வேண்டும், கொஞ்சம் நடிப்பு வேண்டும். இடையிடையே வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பொறுமையும் வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் "பிள்ளைக்குத் தமிழில என்னதான் வாசிச்சுக் காட்டுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மதிய உணவு நேரத்தில் சொல்லி முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். இது சிபாரிசுப் பட்டியல் இல்லை. எங்கள் வீட்டில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை, ஏன் என்பது மட்டும்தான்.

முதலில் அம்புலிமாமா. கிள்ளானில் அம்மா வீட்டு அலமாரியின் அடித்தட்டில், நூல் கயிற்றால் கட்டிய பழைய இதழ்கள் ஒரு கட்டு இருக்கிறது. என் சித்திமார்கள் வாங்கிச் சேர்த்தவை. 1947-இல் சென்னையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை அது. மாயாபஜார் படம் எடுத்தார்களே, அதே இருவர்தான். அந்தப் படத்தில் இருக்கிற மாயமும் கோட்டையும் அலங்காரமும் பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும். சங்கர் என்ற ஓவியர் வரைந்த விக்கிரமாதித்தனை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், பின்னால் சுடுகாடு. சங்கர் 2020-இல் மறைந்தார். மூலக்கதையில் வேதாளம் சொல்பவை 25 கதைகள்தாம். அம்புலிமாமா அதோடு நிற்காமல் புதிது புதிதாக எழுதிப் பல வருஷம் ஓட்டியது. ராஜாவும் சளைக்காமல் மரத்தில் ஏறிக்கொண்டே இருந்தார்.

எனக்கு உயிர் அது. மகளிடம் வாசித்தபோது படத்தைத் தாண்டி நகரவே முடியவில்லை. "ஏம்ப்பா அந்த மாமாவத் தூக்கிட்டுப் போறாரு? அவருக்குக் கால் வலியா?" நியாயமான கேள்வி. பிணம் என்றால் என்ன, அதற்குள் வேதாளம் எப்படிப் புகுந்தது, பேசினால் ஏன் திரும்ப மரத்துக்குப் போகிறது என்று விளக்குவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது, எனக்கு. அது மட்டுமல்ல. வேதாளக் கதையின் சுவையே கடைசியில் வரும் நியாயக் கேள்வியில் இருக்கிறது. மூன்று பேரில் யார் உயர்ந்தவர், அந்தப் பெண் யாருக்கு உரியவள் என்று பெரியவர்களே பட்டிமன்றம் நடத்த வேண்டிய சங்கதிகள். நாலு வயதுக்கு அதில் ஒன்றுமில்லை. எழுத்தும் பொடி, வாக்கியமும் நீளம். பத்து வயது வரட்டும் என்று கட்டை மறுபடியும் அதே கயிற்றால் கட்டி வைத்துவிட்டேன். வாண்டுமாமாவின் சாகசக் கதைகளுக்கும் இதே தீர்ப்புதான். தானே வாசிக்கத் தெரிந்த பிள்ளை போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்க வேண்டியவை அவை.

எடுபட்டது எது தெரியுமா? நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத ஒன்று: பரமார்த்த குருவின் கதை. வீரமாமுனிவர் எழுதியது. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து தமிழிலேயே ஊறிப்போன பாதிரியார், 1747-இல் காலமானவர். கதை அச்சானது அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்து, 1822-இல், அதுவும் லண்டனில். பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்து வெளியிட்டார். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கிள்ளானில் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது என்றால், அந்த மனிதருக்குக் கதை சொல்லத் தெரிந்திருக்கிறது.

குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயரைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. இவர்கள் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு விழித்திருந்தால் ஆளை விழுங்கிவிடும் என்று பயம். தூங்குகிறதா என்று பார்க்க ஒருவன் கொள்ளிக்கட்டையை எடுத்துப்போய்த் தண்ணீரில் வைக்கிறான். இந்த இடத்தில் நான் 'சுர்ர்ர்' என்று நாக்கை உள்ளிழுத்துச் சத்தம் போடுவேன். புகை கிளம்பும், அவன் விழுந்தடித்து ஓடி வருவான்: ஆறு முழித்துக்கொண்டிருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது! எல்லாரும் கரையில் உட்கார்ந்து ஆற்றின் அட்டூழியங்களைப் பேசிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே அணைந்த கட்டையை மறுபடி கொண்டுபோய் வைத்தால் சத்தமில்லை, புகையில்லை. சரி, தூங்கிவிட்டது. பூனை நடை நடந்து அக்கரை சேர்கிறார்கள்.

அங்கே போய்த் தலையை எண்ணினால் ஐந்துதான் வருகிறது. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். அடுத்தவன் எண்ணினாலும் ஐந்து. ஒருத்தரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி. மகளுக்குப் பத்து வரை எண்ணத் தெரியும் என்பதால் விஷயம் அவளுக்கு முதலில் பிடிபட்டுவிட்டது. "அப்பா, அவரு அவர எண்ணவே இல்ல!" என்று கத்தினாள். கதையில் இருக்கிற ஆறு பெரியவர்களுக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்ற பெருமை இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை. வழிப்போக்கன் ஒருவன் வந்து ஒவ்வொருத்தன் முதுகிலும் ஒரு அடி போட்டு எண்ணச் சொல்கிற இடத்தில், நான் அவள் முதுகில் தட்டித் தட்டி ஒன்று, இரண்டு என்பேன். ஆறு வந்ததும் எழுந்து குதிப்பாள். இதே கதையை எத்தனை இரவு வாசித்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கொமுட்டரில் கோலாலம்பூர் சென்ட்ரல் போகும்போது அப்துல்லா ஹுக்கூம் நிலையத்துக்குப் பக்கத்தில் கிள்ளான் ஆறு தெரியும். ஜன்னலில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, "தூங்குதாப்பா?" என்பாள். சிமெண்டுக் கரைக்கு நடுவே தேநீர் நிறத்தில் ஓடும் அந்த ஆற்றைப் பார்த்தால் தூங்குகிறது என்றுதான் எனக்கும் தோன்றும். பெரிய மழைக்குத்தான் விழிக்கும், அப்போது யாருக்கும் சிரிப்பு வராது.

இந்தக் கதை ஏன் எடுபட்டது என்று யோசித்துப் பார்த்தேன். வாக்கியங்கள் வாய்க்குப் பழக்கமான நடையில் போகின்றன. ஒரே செயல் திரும்பத் திரும்ப வருகிறது. சத்தம் போட இடமிருக்கிறது. கேட்கும் பிள்ளை கதாபாத்திரத்தைவிடக் கொஞ்சம் புத்திசாலியாக இருக்கிறது. தெனாலிராமன் கதைகளில் பாதிக்கு ராஜசபை வேண்டும், சிலேடை புரிய வேண்டும். ஆனால் சூடான பாலில் வாயைச் சுட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு பாலைக் கண்டாலே ஓடும் பூனைக்கு எந்த விளக்கமும் வேண்டாம். நாலு வயதுக்கு அந்த ஒரு கதை போதும்.

இப்போது நம் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். தமிழ்க் கதையில் வரும் ஆறு, ஆலமரம், குரங்கு எல்லாம் இங்கேயும் உண்டு. இப்போது கண்ணில் படாதது கிணறு. முயல் சிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் அதன் நிழலைக் காட்டுகிற பஞ்சதந்திரக் கதையை வாசிக்கும்போது, "கிணறுன்னா என்னா?" என்று நின்றது. அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளை அதை எங்கே பார்த்திருக்கும்? படத்தைக் காட்டினேன், பெரிய பக்கெட் என்றாள். பக்கத்து அறையில் இருந்த என் அம்மா வந்து உட்கார்ந்தார். காப்பார் பக்கம் தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் இருந்த கிணற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். விடியற்காலையில் யார் முதலில் தண்ணீர் இறைப்பது என்ற சண்டை, வாளி உள்ளே விழுந்தால் அதை எடுக்கக் கொக்கி வைத்திருந்த தாத்தா, இரவில் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது என்பதற்காகச் சொன்ன பேய்க்கதை. சிங்கத்தை அன்றைக்கு எல்லாரும் மறந்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தாலே மகள் பாட்டியைக் கூப்பிடுகிறாள். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தக் கொக்கித் தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தமிழோடு நிறுத்திக்கொள்ளவும் நான் தயாராக இல்லை. இந்த நாட்டில் வளரும் பிள்ளைக்குச் சாங் கஞ்சில் தெரியாமல் இருக்கக்கூடாது. சருகுமான், உடம்பு கையளவு, புத்தி காடளவு. அக்கரையில் பழம் பழுத்திருக்கிறது, ஆற்றில் முதலைகள். ராஜா சுலைமான் விருந்து வைக்கிறார், உங்களை எண்ணி வரச் சொன்னார் என்று முதலைகளை ஏமாற்றி வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் தட்டி எண்ணிக்கொண்டே அக்கரைக்குப் போய்விடும். மலாய்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்வேன், முதலை பேசும் இடத்தில் மட்டும் மலாய். பரமார்த்த குருவின் சீடர்களும் ஆற்றங்கரையில்தான் எண்ணினார்கள், இந்தச் சருகுமானும் அங்கேதான் எண்ணுகிறது. ஒரு கூட்டத்துக்குத் தன்னையே எண்ணத் தெரியவில்லை, இன்னொன்று எண்ணியே பிழைத்துக்கொள்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள், பிள்ளை எப்படிக் கோத்துக்கொள்கிறது என்று தெரியும். என் அப்பா இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய பெரோடுவா கஞ்சில் காருக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீட்டில் நடந்த விவாதத்தை இங்கே எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும்.

ஆங்கிலத்தில் கிரஃபலோ வாசிக்கிறோம். ஜூலியா டொனால்ட்சன் எழுதி 1999-இல் வந்தது. புலியிடமிருந்து தந்திரமாகத் தப்பிக்கும் ஒரு சீனக் கதையிலிருந்து அதன் கருவை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆக முயல், சருகுமான், கிரஃபலோவில் வரும் சுண்டெலி எல்லாம் ஒரே குடும்பம். கிரஃபலோவில் என்னைக் கவர்ந்தது கதைகூட இல்லை, அதன் சந்தம். களைத்துப்போன அப்பாவையும் அது இழுத்துக்கொண்டு போகும். வாசிக்கிறவரைக் கைவிடாத எழுத்து.

தமிழில் அந்தச் சந்தம் எங்கே இருக்கிறது என்றால் பாட்டில் இருக்கிறது. அழ. வள்ளியப்பாவைச் சொல்லாமல் முடியாது. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதியவர், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய பாடல்களை அர்த்தம் பார்க்காமல் வாசித்தாலும் வாய் தானாகத் தாளம் போடும். நம் நாட்டில் முரசு நெடுமாறன் இருக்கிறார். 1997-இல் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் என்ற பெருந்தொகுப்பைக் கொண்டுவந்தவர் என்று பெரியவர்கள் அறிவார்கள். அதற்கும் முன்னாலிருந்தே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதி, ஆசிரியர்களுக்கு அதைப் பாடவும் ஆடவும் சொல்லிக்கொடுத்தவர். கதைப் புத்தகம் பிடிபடாத இரண்டு, மூன்று வயதில் பாட்டுப் புத்தகத்தில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் கட்சி.

சத்தம் என்றதும் இன்னொன்று. தமிழ்ப்பள்ளியில் இரட்டைக்கிளவி என்று ஒரு பாடம் உண்டு. நாமெல்லாம் மனப்பாடம் செய்து கோடிட்ட இடத்தை நிரப்பியவர்கள். சலசல என்றால் ஆறு, மளமள என்றால் மரம், குடுகுடு என்றால் ஓட்டம். பரீட்சைத் தாளில் செத்துக்கிடக்கும் இந்தச் சொற்கள் கதை வாசிக்கும்போது எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன. மகள் இப்போது மின்தூக்கிக் கதவு மூடுவதற்குக்கூட ஒரு இரட்டைக்கிளவி வைத்திருக்கிறாள். அகராதியில் கிடையாது.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் சந்தேகம்: அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பதா, பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வதா? 'அவன் அங்கிருந்து புறப்பட்டுச் சென்றான்' என்று வாசித்தால் பிள்ளை செய்தி கேட்கிற முகத்தோடு பார்க்கிறது. எல்லாவற்றையும் பேச்சாக மாற்றினால் எழுத்துத் தமிழ் காதில் விழவே விழாது, பிறகு பள்ளிக்கூடத்தில் அந்நியமாக நிற்கும். நான் செய்வது இது: கதை சொல்கிற வரியை அச்சில் உள்ளபடி வாசிக்கிறேன், யாராவது பேசினால் அதை நம் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிவிடுகிறேன். சிங்கம் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்கும். இப்படிக் கேட்டுக் கேட்டு, 'சென்றான்' என்பது கதைக்குரிய பேச்சு என்று மகள் தானாகவே எடுத்துக்கொண்டாள். பொம்மைகளுக்குக் கதை சொல்லும்போது 'ஒரு ஊரில் ஒரு யானை இருந்தது' என்கிறாள். பசிக்கிறது என்றால் "பசிக்குதுப்பா"தான்.

இனி வாங்குவதைப் பற்றி. பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் புத்தகம் விற்கும் கடைகளுக்குப் போனால் பூஜைச் சாமான், நாள்காட்டி, அதற்குப் பக்கத்தில் பயிற்சி நூல்கள் மலைபோல இருக்கும். ஆறாம் ஆண்டுச் சோதனையை 2021-இல் எடுத்தே விட்டார்கள், பயிற்சி நூல் மட்டும் குறையவில்லை. கதைப் புத்தகம் கீழ்த்தட்டில், முதுகு காட்டிக்கொண்டு கிடக்கும். குனிந்து தேட வேண்டும். மெல்லிய தாள், கண்ணைப் பறிக்கும் நிறம், கடைசிப் பக்கத்தில் நீதி என்று வரும் புத்தகங்களை நான் வாங்குவதில்லை. நீதியைத் தனியாக அச்சடித்தால் கதையின் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். சென்னையின் தூலிகா 1996-இலிருந்து இருமொழிப் படப் புத்தகங்கள் போடுகிறது. தமிழ் தெரியாத மாமி, சித்தப்பாவும் பிள்ளைக்கு வாசிக்கலாம் என்பதால் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பொருத்தம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015-இலிருந்து இருக்கிறது, தமிழ்க் கதைகள் இலவசம், அச்சடித்தும் கொள்ளலாம். 2020-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகரமாகக் கோலாலம்பூரை யுனெஸ்கோ அறிவித்திருந்தது. அந்த வருஷம் பார்த்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். அப்போது எனக்குத் தெரிந்த பல குடும்பங்களைக் காப்பாற்றியது ஸ்டோரிவீவர்தான்.

ஆங்கிலப் புத்தகத்துக்குப் பிரச்சினையே இல்லை. பிக் பேட் வுல்ஃப் விற்பனைக்குப் போனால் சில வெள்ளிக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் கிடைக்கும், தள்ளுவண்டி நிறையத் தள்ளிக்கொண்டு வரலாம். சென்னையிலிருந்து வரும் தமிழ்ப் படப் புத்தகத்துக்கு விலை கூடத்தான். இருந்தாலும் தமிழில் குறைவாக, நல்லதாக வாங்குங்கள். பிள்ளைகளுக்கு ஒரே புத்தகம் நூறு தடவை வேண்டும், நூறு புத்தகம் வேண்டியதில்லை. கடையில் வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தை மெல்ல வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூன்றாவது வரியிலேயே நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இந்த நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மாணவர் எண்ணிக்கையில் மிகப் பெரிய சிம்பாங் லீமா பள்ளி எங்கள் கிள்ளானிலேயே இருக்கிறது. வாங்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. கொமுட்டர் ரயிலும் பசார் மாலாமும் லயத்துக் கிணறும் வருகிற, கடைசிப் பக்கத்தில் நீதி இல்லாத, வாய்விட்டு வாசிக்க எழுதிய ஒரு கதை வேண்டும். இருபத்து நான்கு பக்கம் போதும். முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.